கரை தெரியாத கடலில் ஸ்கூபா டைவிங்: புறப்படும் முன்பிருந்து திரும்பி வந்த பிறகு வரை

கரையோரத்தில் டைவ் செய்யும்போது ஏதேனும் கோளாறு நேர்ந்தால், மேலே வந்து கரையை நோக்கி நீந்திவிடலாம். நடுக்கடலில் இருக்கும் பவளத்திட்டுகளிலும் கடலடி மலைகளிலும் அந்த வாய்ப்பு கிடையாது. கோஸ்டாரிகாவுக்குச் சொந்தமான கோகோஸ் தீவு, அந்நாட்டுக் கரையிலிருந்து ஏறத்தாழ 550 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. படகு அங்கே போய்ச் சேரவே ஒன்றரை நாள் ஆகிறது. பிலிப்பைன்ஸின் துப்பத்தாஹா பவளத்திட்டுகள் சூலு கடலின் நடுவே, புவெர்த்தோ பிரின்செசா நகரிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் தொலைவில் கிடக்கின்றன. கடல் அடங்கியிருக்கும் மார்ச் முதல் ஜூன் வரையிலான மாதங்களில் மட்டுமே டைவிங் படகுகள் அங்கே செல்கின்றன. இப்படிப்பட்ட இடங்களில் தூரத்தைக் கிலோமீட்டர் கணக்கில் பார்ப்பதைவிட, உதவி வந்து சேர எத்தனை மணி நேரம் ஆகும் என்ற கணக்கில் பார்ப்பதே சரியாக இருக்கும்.

இந்தப் பயணத்துக்குத் தயாராகும் பலர் ஆழத்தை நினைத்தே அஞ்சுகிறார்கள். ஆனால் 20 மீட்டர் ஆழம் கரையோரத்திலும் 20 மீட்டர்தான், நடுக்கடலிலும் 20 மீட்டர்தான். அழுத்தமும், உடலில் கரையும் நைட்ரஜனின் கணக்கும் மாறுவதில்லை. மாறுவது நீர்ப்பரப்பு. நீங்கள் மேலே வரும் இடத்தில் படகு இருக்கிறதா, படகில் இருப்பவர்களின் கண்ணுக்கு நீங்கள் தெரிகிறீர்களா, தெரியாவிட்டால் எத்தனை மணி நேரம் தாக்குப்பிடிப்பீர்கள் என்ற மூன்று கேள்விகளும் கரையோரத்தில் பெரிதாக எழுவதில்லை. கீழே சொல்லப்படும் படிகளில் பெரும்பாலானவை இந்த மூன்றுக்கும் விடை தேடுபவையே.

முதல் படி: உங்களை நீங்களே சோதித்துக்கொள்ளுங்கள்

சான்றிதழ் அட்டையில் எழுதியிருக்கும் நிலையைவிட, கையில் பழகியிருக்கும் திறமையே இங்கே உதவும். கீழே தரை தெரியாத நீரில், கயிற்றையோ பாறையையோ பிடிக்காமல், 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் மேலும் கீழும் ஆடாமல் நிற்க உங்களால் முடியுமா? அப்படி நின்றுகொண்டே, நீங்கள் இருக்கும் இடத்தைப் படகுக்குக் காட்டும் மிதவையை ஊதி மேலே அனுப்ப முடியுமா? முகமூடி கழன்றாலும் ஆழம் மாறாமல் அதைத் திரும்ப மாட்டிக்கொள்ள முடியுமா? இவற்றில் ஏதாவது ஒன்றுக்குத் தயக்கத்தோடுதான் ஆம் என்று சொல்ல முடிகிறது என்றால், அதை அமைதியான நீரில் பழகிய பிறகு புறப்படுவதே நல்லது. கடைசியாக டைவ் செய்து பல மாதங்கள் ஆகியிருந்தால், நடுக்கடலின் முதல் டைவையே பயிற்சி டைவாக ஆக்கிக்கொள்ளக் கூடாது.

உடல்நலத்தையும் இதே கண்ணோட்டத்தில் பார்க்க வேண்டும். நீரோட்டத்தை எதிர்த்து நீந்துவது இதயத்துக்குக் கடுமையான வேலை. நீரில் மூழ்கியிருக்கும்போது கைகால்களில் உள்ள இரத்தம் மார்புக்குள் தள்ளப்படுவதால் அந்தச் சுமை இன்னும் கூடுகிறது. உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு நீருக்குள் இருக்கும்போதே நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. டைவிங் மருத்துவம் அறிந்த மருத்துவரிடம் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கடல்நோய்க்கான மாத்திரையைப் பயணத்துக்கு முன்பே, வீட்டில் இருக்கும் நாளொன்றில் போட்டுப் பாருங்கள். சிலருக்கு அது கொண்டுவரும் தூக்கக் கலக்கம் ஆழத்தில் வரும் நைட்ரஜன் மயக்கத்தோடு சேர்ந்தால் ஆபத்தாகும்.

இரண்டாம் படி: படகைத் தேர்ந்தெடுத்தல்

என் பார்வையில் முழுப் பயணத்திலும் மிக முக்கியமான முடிவு இதுதான். மற்ற எல்லாவற்றையும் நீங்கள் சரியாகச் செய்தாலும், படகு ஒழுங்காக நடத்தப்படவில்லை என்றால் அவ்வளவும் வீணாகிவிடும்.

1998 ஜனவரி 25 அன்று ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் பகுதியில், ஓர் அமெரிக்கத் தம்பதியரைக் கடலிலேயே விட்டுவிட்டு டைவிங் படகு கரை திரும்பியது. தலை எண்ணிக்கை தவறியிருந்தது. படகில் கிடந்த அவர்களுடைய பையை வைத்து, இருவரையும் காணவில்லை என்று உணர்வதற்குள் இரண்டு நாட்கள் போய்விட்டன, அவர்கள் கிடைக்கவேயில்லை. 2004-இல் கலிஃபோர்னியாவுக்கு அப்பால் ஓர் எண்ணெய்க் கிணற்று மேடையருகே டைவ் செய்த ஒருவர், நீரோட்டத்தில் தள்ளப்பட்டுப் படகிலிருந்து விலகி மேலே வந்தார். ஆனால் பெயர்ப் பட்டியலில் அவர் ஏறிவிட்டதாகக் குறிக்கப்பட்டிருந்ததால் படகு அடுத்த இடத்துக்குப் போய்விட்டது. பல மணி நேரம் கழித்து, அவ்வழியே வந்த ஒரு பாய்மரக் கப்பலில் இருந்த சாரணர்களின் கண்ணில் பட்டதால் அவர் பிழைத்தார். இரண்டு சம்பவங்களிலும் கருவி எதுவும் பழுதாகவில்லை. எண்ணியவர் தவறாக எண்ணினார், அவ்வளவுதான்.

எனவே முன்பதிவு செய்யும் முன்பே கேளுங்கள்: நீரிலிருந்து திரும்பியவர்களை யார், எப்படிச் சரிபார்க்கிறார்? ஒவ்வொருவரும் தன் பெயருக்கு எதிரே தானே கையெழுத்திடும் முறையும், முகம் பார்த்துப் பெயர் சொல்லி அழைக்கும் முறையும் சேர்ந்திருந்தால் நம்பலாம். டைவர்கள் நீரில் இருக்கும்போது படகின் மேல்தளத்தில் கண்காணிப்பதற்கென்றே ஓர் ஆள் நிற்கிறாரா? பெரிய படகு நங்கூரத்தில் நின்றாலும் டைவர்களைத் தொடர்ந்து போக மோட்டார் பொருத்திய சிறு படகு உண்டா? விஎச்எஃப் ரேடியோ தவிர செயற்கைக்கோள் தொலைபேசி இருக்கிறதா? விஎச்எஃப் அலைகள் ஏறத்தாழப் பார்வைக் கோட்டிலேயே செல்பவை. அதனால் நடுக்கடலிலிருந்து கரை நிலையத்தை அவை எட்டாமல் போகலாம். மூழ்கும் நிலையில் தானாகவே அபாய அறிவிப்பு அனுப்பும் 406 மெகாஹெர்ட்ஸ் இபிர்ப் கருவி பொருத்தப்பட்டுப் பதிவு செய்யப்பட்டுள்ளதா?

இரவில் தங்கும் படகுகளுக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. 2019 செப்டம்பர் 2 அதிகாலையில், கலிஃபோர்னியாவின் சாண்டா குரூஸ் தீவருகே நங்கூரமிட்டிருந்த கன்செப்ஷன் என்ற டைவிங் படகு தீப்பிடித்து எரிந்ததில், கீழ்த்தளத்தில் உறங்கிக்கொண்டிருந்த 34 பேர் இறந்தார்கள். இரவு முழுவதும் சுற்றிவந்து கண்காணிக்க ஆள் நிறுத்தப்படவில்லை என்பது விசாரணையில் வெளிவந்தது. ஆகவே இரவுக் காவல் உண்டா என்று கேளுங்கள். படகில் ஏறிய முதல் மணி நேரத்திலேயே உங்கள் படுக்கையிலிருந்து இரண்டு வெவ்வேறு வழிகளில் மேல்தளத்துக்கு ஒருமுறை ஏறிப் பாருங்கள். கேமரா, டார்ச் ஆகியவற்றின் லித்தியம் பேட்டரிகளை ஆளில்லாத இடத்தில் இரவு முழுவதும் சார்ஜில் போட்டு வைக்காதீர்கள்.

காற்று நிரப்பும் கம்ப்ரெஸரையும் பார்த்துவிடுங்கள். அதன் காற்று உள்வாங்கும் குழாய் எஞ்சின் புகை வரும் பக்கத்தில் இருந்தால், கார்பன் மோனாக்ஸைடு சிலிண்டருக்குள் போகும். அதற்கு மணமும் இல்லை, சுவையும் இல்லை. கையடக்க அளவி ஒன்றை வைத்துத்தான் கண்டறிய முடியும்.

மூன்றாம் படி: கூடுதல் கருவிகள்

வழக்கமான கருவிகளோடு, நீர்ப்பரப்பில் உங்களைக் கண்டுபிடிக்க உதவும் பொருட்கள் ஒவ்வொரு டைவரிடமும் தனித்தனியே இருக்க வேண்டும். துணை டைவரிடம் இருக்கிறது என்று விட்டுவிடக் கூடாது. ஆள் உயரத்துக்குக் குறையாத, ஆரஞ்சு அல்லது மஞ்சள் நிற மிதவைக் குழாய் ஒன்று, அதற்கேற்ற நூல் சுருள், உரத்த விசில், சமிக்ஞைக் கண்ணாடி, பளிச்சிடும் விளக்கு, நூலையோ மீன்வலையையோ அறுக்க ஒரு கத்தி ஆகியவை குறைந்தபட்சம். இவற்றோடு, நீர்புகாத உறைக்குள் வைத்த தனிநபர் இடங்காட்டிக் கருவியையும் நான் கட்டாயம் என்றே சொல்வேன். 406 மெகாஹெர்ட்ஸ் வகை, காஸ்பாஸ்-சர்சாட் செயற்கைக்கோள்கள் வழியே மீட்பு மையத்துக்குச் செய்தி அனுப்பும். ஏஐஎஸ் வகை, அருகிலுள்ள கப்பல்களின் திரையில் உங்கள் இடத்தை நேரடியாகக் காட்டும். உங்கள் சொந்தப் படகுதான் உங்களிடமிருந்து மிகக் குறைந்த தூரத்தில் இருக்கும் என்பதால், அதன் திரையில் ஏஐஎஸ் தெரியுமா என்று முன்பே சோதித்துக்கொள்வது பயன் தரும்.

டைவிங் உடையைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு மணி நேர டைவை மட்டும் நினைக்காதீர்கள். காற்றைவிட நீர் உடல் வெப்பத்தை ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக இழுத்துக்கொள்ளும். வெதுவெதுப்பான கடலிலும் ஆறேழு மணி நேரம் மிதக்க நேர்ந்தால் உடல் நடுங்கத் தொடங்கிவிடும்; தலையுறையோடு கூடிய சற்றுத் தடித்த உடை அப்போது உயிர்காக்கும்.

நான்காம் படி: காற்றுக் கணக்கு

"50 பாரில் மேலே வந்துவிடு" என்ற பொது விதி இங்கே போதாது (பார் என்பது அழுத்த அலகு; சிலிண்டரில் மீதமுள்ள காற்றை அதில்தான் அளப்பார்கள்). 30 மீட்டரில் துணை டைவரின் காற்று முழுவதும் தீர்ந்துவிட்டது, இருவரும் உங்கள் சிலிண்டரிலிருந்தே மூச்சு விட்டு மேலே வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பதற்றத்தில் ஆளுக்கு நிமிடத்துக்கு 30 லிட்டர் என்றால், நீர்ப்பரப்பின் அளவில் இருவருக்கும் 60 லிட்டர். 30 மீட்டரில் அழுத்தம் 4 பார் என்பதால், நிலைமையைச் சமாளிக்கும் ஒரு நிமிடத்துக்கு 240 லிட்டர் செலவாகும். நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் 5 மீட்டருக்கு ஏறிவர ஏறத்தாழ 3 நிமிடம், சராசரி அழுத்தம் 2.75 பார்; அதற்கு 495 லிட்டர். 5 மீட்டரில் மூன்று நிமிட நிறுத்தத்துக்கு 270 லிட்டர், கடைசி ஏற்றத்துக்கு 75 லிட்டர். ஆக மொத்தம் 1080 லிட்டர். 12 லிட்டர் சிலிண்டரில் அது 90 பார். அதாவது 30 மீட்டரில் மானி 90 பாரைத் தொடும்போதே மேலேறத் தொடங்கியிருக்க வேண்டும்; மிதவையை அனுப்பவும் நீர்ப்பரப்பில் அலைக்கு நடுவே ரெகுலேட்டரில் (சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் கருவி) மூச்சுவிடவும் இதற்கு மேலும் கொஞ்சம் சேர்த்துக்கொள்வது நல்லது.

32 விழுக்காடு ஆக்ஸிஜன் கொண்ட நைட்ராக்ஸ் என்ற சுவாச வாயுக் கலவை, பல நாட்கள் தொடர்ந்து செய்யும் டைவ்களில் நைட்ரஜன் சுமையைக் குறைக்கும். ஆனால் 1.4 பார் ஆக்ஸிஜன் அழுத்த வரம்பின்படி அதன் ஆழ எல்லை ஏறத்தாழ 33 மீட்டர். கீழே தரையில்லாத கடலில் அந்த எல்லையைத் தெரியாமலே கடந்துவிட முடியும் என்பதை நினைவில் வையுங்கள்.

ஐந்தாம் படி: இறங்குதல்

நீரோட்டத்தை அளக்கும் கருவி இல்லாவிட்டாலும், நங்கூரமிட்ட படகின் பின்னால் மிதக்கும் கயிற்றையும் அதன் நுனியில் உள்ள மிதவையையும் பார்த்தால் வேகம் புரியும். ஒரு நாட் வேகம் என்பது நிமிடத்துக்குச் சுமார் 30 மீட்டர். முழுக் கருவியோடு அதை எதிர்த்து நெடுநேரம் நீந்த யாராலும் முடியாது. அந்த வேகத்தில், மிதந்து போகும் டைவாகத் திட்டமிட்டு, சிறு படகு உங்களைத் தொடர்ந்து வர ஏற்பாடு செய்ய வேண்டும். அது முடியாது என்றால், எவ்வளவு தொலைவு கடந்து வந்திருந்தாலும் அந்த டைவைக் கைவிட வேண்டும்.

இறங்குமுன் நான்கு விஷயங்களைப் படகு ஓட்டுநரோடு வாய்விட்டுப் பேசி முடிவு செய்யுங்கள்: அதிகபட்ச நேரம், மேலே வரும் முறை, எந்த நேரத்தைத் தாண்டினால் தேடல் தொடங்கும், தேடலுக்கு அழைக்கும் சமிக்ஞை. குழு முழுவதும் ஒரே நேரத்தில் குதிக்க வேண்டும். எஞ்சினை நியூட்ரலில் வைத்துவிட்டேன் என்று ஓட்டுநர் சைகை காட்டாமல் ஒருவரும் குதிக்கக் கூடாது.

நீலத்தில் இறங்கும்போது கண்ணுக்குப் பிடிமானம் எதுவும் கிடையாது. மேலும் நீலம், கீழும் நீலம். இறங்குகிறோமா ஏறுகிறோமா என்பதை உடல் சொல்லாது. ஆழத்தையும் நேரத்தையும் காட்டும் டைவ் கம்ப்யூட்டரைச் சில நொடிகளுக்கு ஒருமுறை பார்ப்பதும், துணை டைவரைக் கைநீட்டும் தூரத்தில் வைத்துக்கொள்வதும் தவிர வேறு வழியில்லை. குறித்த ஆழத்தில் பாறை தென்படவில்லை என்றால், தேடிக்கொண்டே இன்னும் ஆழம் போகாமல், அங்கேயே டைவை முடித்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: கீழிழுக்கும் நீரோட்டம்

செங்குத்தான பாறைச் சுவர்களிலும் கடலடி மலைகளின் விளிம்புகளிலும் நீர் அருவிபோலக் கீழே விழுவதுண்டு. மீன்கள் எப்போதும் நீரோட்டத்தை எதிர்கொண்டே நிற்கும் என்பதால், சுவரையொட்டி நிற்கும் மீன்கள் தலையை மேலே தூக்கி நீந்தினால் அது முதல் அறிகுறி. உங்கள் மூச்சுக் குமிழிகள் மேலே போகாமல் பக்கவாட்டிலோ கீழேயோ போவது இரண்டாவது. இழுப்பு தொடங்கியதும் நேர் மேலே உதைத்து நீந்துவது வீண்; மூச்சிரைத்து, உடலில் கரியமில வாயு சேர்ந்து, ஆழத்தில் மயக்கம்தான் கூடும். சுவரை விட்டு விலகி, கிடைமட்டமாகத் திறந்த நீரை நோக்கி நீந்துங்கள். இந்த இழுப்பு பெரும்பாலும் சுவரையொட்டியே இருக்கும். பிசிடியில் (காற்றை ஏற்றியிறக்கி மிதப்பைக் கட்டுப்படுத்தும் மேலங்கி) காற்று சேர்த்திருந்தால், இழுப்பு விட்டதும் அது விரிந்து உங்களை வேகமாக மேலே தூக்கும். வெளியேற்றும் பித்தானில் விரல் தயாராக இருக்கட்டும்.

ஏழாம் படி: மிதவையை அனுப்பி மேலே வருதல்

மேலே வந்த பிறகு ஊதிக்கொள்ளலாம் என்று மிதவையைச் சுருட்டியே வைத்திருப்பது தவறான பழக்கம். நீங்கள் இன்னும் நீருக்குள் இருக்கும்போதே படகு உங்களைப் பின்தொடரத் தொடங்க வேண்டும். 10 மீட்டர் அளவில் நின்று, முதலில் தலைக்கு மேலே பாருங்கள். மிதவையை விரித்து, நூல் சுருளின் நடுவில் ஒரு விரலை மட்டும் நுழைத்துத் தளர்வாகப் பிடியுங்கள். அதை உடம்பில் எங்கும் கொக்கியிட்டு மாட்டாதீர்கள், ஏனென்றால் நூல் சிக்கினாலோ மேலே போகும் படகு மிதவையை இழுத்தாலோ நீங்களும் சேர்ந்து இழுக்கப்படுவீர்கள். 10 மீட்டரில் ஊதிய காற்று நீர்ப்பரப்பை அடையும்போது இரு மடங்காகும் என்பதால், குழாயில் பாதிக்கு ஊதினால் போதும். விட்டதும் சுருள் விர்ரென்று சுழலும். நின்றவுடன் நூலைச் சற்று இழுத்துப் பிடியுங்கள். அந்த இழுப்பு இல்லை என்றால் மிதவை அலையில் படுத்துவிடும், தூரத்தில் இருப்பவருக்குத் தெரியாது.

மேலே வந்ததும் பிசிடியை நிரப்பி, முகமூடியையும் ரெகுலேட்டரையும் கழற்றாமல் படகுக்காகக் காத்திருங்கள். பேரலையில் படகின் ஏணி உங்கள் தலைக்கு மேலே உயர்ந்து, அடுத்த நொடி நீருக்குள் குத்தி இறங்கும். ஏணி தாழும் தருணத்தில் இரு கைகளாலும் பற்றி, அது உயரும்போது அதோடு சேர்ந்து ஏறுங்கள். முன்னே ஏறுபவரின் கீழே ஒருபோதும் காத்திருக்காதீர்கள். அவர் வழுக்கினால் சிலிண்டரோடு உங்கள் மேல்தான் விழுவார்.

எட்டாம் படி: படகு உங்களைக் காணவில்லை என்றால்

படகு உங்களுக்குத் தெரிகிறது என்பதால் படகில் இருப்பவர்களுக்கு நீங்கள் தெரிவீர்கள் என்று பொருளல்ல. படகு நீர்ப்பரப்புக்கு மேலே பல மீட்டர் உயர்ந்து நிற்கிறது. உங்கள் தலையோ அலைகளுக்கிடையே மறைந்து மறைந்து தோன்றும் கரும்புள்ளி. மேலும், நீங்கள் நீரோட்டத்தோடு போகிறீர்கள். எஞ்சின் நிறுத்திய படகைக் காற்றும் தள்ளுகிறது. இரண்டும் வெவ்வேறு திசையில் இருந்தால், ஒருவரும் நகராமலே இடைவெளி பெருகிக்கொண்டே போகும்.

படகை நோக்கி நீந்திக் களைத்துப்போகாதீர்கள். குழுவினர் பிசிடி பட்டைகளை ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளுங்கள். ஒருவரைவிடக் கூட்டம் எளிதாகத் தெரியும், வெப்பமும் மிஞ்சும். மிதக்கும் திறன் குறைந்தால் எடைகளைக் கழற்றிவிடுங்கள். எல்லா மிதவைகளையும் உயர்த்திப் பிடியுங்கள். இடங்காட்டிக் கருவியை, இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்று தள்ளிப்போடாமல், படகு விலகிச் செல்கிறது என்று தெரிந்த உடனே இயக்குங்கள். கண்ணாடியின் ஒளி வெகு தொலைவுக்குத் தெரியும். விசில் படகு காற்றின் கீழ்ப்பக்கம் இருக்கும்போது மட்டுமே எட்டும். விளக்கின் பேட்டரியை இருட்டும் வரை சேமியுங்கள். சுறாக்களைப் பற்றிய அச்சம் இயல்புதான் என்றாலும், இந்நிலையில் உண்மையான எதிரிகள் குளிரும், களைப்பும், தாகமுமே.

படகில் இருப்பவர்களுக்கும் கடமை உண்டு. டைவர்கள் கடைசியாகத் தெரிந்த இடத்தையும் நேரத்தையும் ஜிபிஎஸ்ஸில் குறிக்க வேண்டும். காற்று அதிகம் தள்ளாதபடி கீழே கனம் கட்டிய மிதவை ஒன்றை, முடிந்தால் டைவர்கள் இறங்கிய அதே இடத்தில், உடனே நீரில் விட வேண்டும். அது போகும் திசையும் வேகமும் டைவர்கள் போன வழியைக் காட்டும். ஒரு நாட் நீரோட்டத்தில் ஒரு மணி நேரத் தாமதம் 1.85 கிலோமீட்டர் ஆகிவிடும் என்பதால், குறித்த நேரம் தாண்டியதும் விஎச்எஃப் 16-ஆம் அலைவரிசையில் அறிவிப்பதற்குக் கூச்சப்படக் கூடாது.

ஒன்பதாம் படி: அழுத்தத் தளர்வு நோய்

ஆழத்தில் உடலில் கரைந்த நைட்ரஜன், மேலே வரும்போது குமிழிகளாக மாறுவதால் வருவது இந்நோய். மூட்டு வலி, தோலில் திட்டுத் திட்டான நிறமாற்றம், கைகால் மரத்தல், தலைசுற்றல், காரணமில்லாத கடும் களைப்பு, சிறுநீர் கழிக்க முடியாமை ஆகியவை இதன் அறிகுறிகள். பெரும்பாலும் மேலே வந்த சில மணி நேரத்துக்குள் இவை தெரிந்துவிடும். நல்ல டைவருக்கு இது வராது என்ற எண்ணத்தாலும், மற்றவர்களின் பயணம் கெட்டுவிடுமே என்ற தயக்கத்தாலும் பலர் மறைக்கிறார்கள். சிகிச்சை தாமதமாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். உடனே சொல்லுங்கள். அப்படிச் சொல்பவரை ஒரு வார்த்தை கூடக் குறை சொல்லாத சூழலைப் படகில் உருவாக்குங்கள்.

முதலுதவி தூய ஆக்ஸிஜன். நோயாளியைப் படுக்கவைத்து, நினைவு தெளிவாக இருந்தால் தண்ணீர் கொடுத்து, அறிகுறிகள் தோன்றிய நேரத்தையும் அவை மாறும் விதத்தையும் எழுதிக்கொண்டே வாருங்கள். இங்கே மீண்டும் ஒரு கணக்கு தேவைப்படுகிறது: முகக்கவசம் வழியே நிமிடத்துக்கு 15 லிட்டர் கொடுத்தால், 200 பாரில் நிரப்பிய 10 லிட்டர் ஆக்ஸிஜன் சிலிண்டர் இரண்டேகால் மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். பத்து மணி நேரப் பயணத் தொலைவில் இருக்கும் படகில் ஒரே ஒரு சிலிண்டர் இருப்பது கண்துடைப்பு. புறப்படும் முன்பே இந்த எண்ணிக்கையைக் கேட்டுவிடுங்கள். கடலோரக் காவல் படையையும், 1980-இல் தொடங்கப்பட்ட டைவர்ஸ் அலெர்ட் நெட்வொர்க் போன்ற அமைப்பின் அவசர மருத்துவ எண்ணையும் ஒருசேர அழைக்க வேண்டும். ஹெலிகாப்டரில் ஏற்றினால் அது 300 மீட்டருக்கு மேல் பறக்காமல் செல்வது நல்லது. வலி குறைந்துவிட்டாலும், கூடுதல் அழுத்தத்தில் ஆக்ஸிஜன் தரும் அழுத்த அறைச் சிகிச்சையைத் தவிர்க்கக் கூடாது. திரும்பவும் நீருக்குள் இறங்கிச் சரிசெய்துகொள்ளலாம் என்ற யோசனைக்கு ஒருபோதும் இடம் கொடுக்காதீர்கள்.

பத்தாம் படி: கரை திரும்பிய பிறகு

நைட்ரஜன் சுமை நாளுக்கு நாள் சேர்வதால், நீண்ட பயணத்தின் நடுவில் ஒரு நாளோ குறைந்தது அரை நாளோ நீரில் இறங்காமல் ஓய்வெடுத்துக்கொள்ளுங்கள். கடைசி டைவுக்கும் விமானப் பயணத்துக்கும் இடையே, ஒரே ஒரு டைவ் மட்டும் செய்திருந்தால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ்களோ பல நாட்களோ செய்திருந்தால் 18 மணி நேரம், மேலே வரும் வழியில் கட்டாய நிறுத்தங்கள் தேவைப்பட்ட டைவ் என்றால் அதைவிடக் கணிசமாக அதிக நேரம் காத்திருக்க வேண்டும். நடுக்கடல் பயணங்களில் வானிலை காரணமாகப் படகு தாமதமாகத் திரும்புவது வழக்கம். ஆகவே விமானச் சீட்டை, படகு கரை சேரும் நாளுக்கு அடுத்த நாள் மாலைக்கோ அதற்குப் பிறகோ பதிவு செய்யுங்கள். வீடு திரும்பும் வழியில் கை மரத்தாலோ மூட்டு வலித்தாலோ, சிகிச்சை தரும் மருத்துவரிடம் முதல் வாக்கியமாக நீங்கள் டைவ் செய்த விவரத்தைச் சொல்லி, டைவ் கம்ப்யூட்டரையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.